ஊமைப்படத்தில் பேசியவன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறாம் ஆண்டுக் கோடையில் எங்கள் கோபன்ஹேகனில் சமாதானம் ஒரு பெரிய தொழிலாக இருந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் அந்தத் தொழிலில் எங்களுக்குப் போட்டியே இல்லை. நான் வேலை பார்த்த படக் கம்பெனி அந்த ஓராண்டில் மட்டும் நான்கு சமாதானப் போர்ப்படங்கள் எடுத்தது. எல்லாவற்றிலும் ஒரு போர் மூளும், ஒரு தாய் அழுவாள், வெள்ளைத் துணி உடுத்திய ஒருத்தி மேகத்திலிருந்து இறங்கி வருவாள், வீரர்கள் வாளை முறிப்பார்கள். என் பெயர் விக்கோ ப்ரூன். கேமராவின் கைப்பிடியைச் சுற்றுகிறவன். நொடிக்கு இரண்டு சுற்று. தாய் அழுதாலும் இரண்டு சுற்று, உலகம் எரிந்தாலும் இரண்டு சுற்று.

நாங்கள் நடுநிலை நாடு. ஆகவே எங்கள் படம் யாரையும் புண்படுத்தக் கூடாது. அதைக் கவனிக்க ‘சமாதானப் படங்களின் நடுநிலைப் பரிசோதனை மன்றம்’ என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். மூன்று பேர். தலைவர் பல்தசார் வீவெல், மொத்த வியாபாரி. டப்பாவில் அடைத்த குழம்பிறைச்சி செய்யும் ஆலை அவருடையது. இரண்டாமவர் கேப்டன் லெம்விக். முப்பதாண்டுகள் கடற்கரைப் பீரங்கிப் படையில் இருந்து, ஒரு குண்டும் சுடாமல் ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் போதகர் ப்ளோக். அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவரும் எதைப் பற்றியும் ஒன்றும் சொன்னதில்லை.

எங்கள் படப்பிடிப்புக் கூடம் வெயில் உள்ளே வருவதற்காக முழுக்கக் கண்ணாடியால் கட்டப்பட்டது. அதன் மூலையில் மன்றத்துக்கென்று தனியாக ஓர் அறை, அதுவும் கண்ணாடிதான். கதவைச் சாத்தினால் உள்ளே பேசுவது ஒரு துளியும் வெளியே கேட்காது. ரகசியம் பேச நாட்டிலேயே இதைவிட நல்ல இடம் இல்லை என்று கேப்டன் சொல்லிக்கொள்வார்.

அந்த மன்றத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் உண்டு. முந்தைய படத்தில் ஒரு தாய் தன் மகனின் வெறும் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பதைப் பதினான்கு மீட்டர் நீளப் பிலிமில் எடுத்திருந்தேன். என் வாழ்நாளில் நான் எடுத்த நல்ல காட்சி அதுதான். பூட்ஸின் குதிகால் ஜெர்மன் வெட்டு என்று சொல்லி அதை வெட்டி, என் கண்ணெதிரிலேயே கொளுத்தினார்கள்.

இந்தக் கதை நடந்தபோது நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த படத்தின் பெயர் ‘சமாதானத்தின் மணமகள்’. தொடக்க விழாவில் தலைவர் வீவெல் மேடையேறிப் பேசினார்.

“அன்பர்களே! போர் என்றால் என்ன? பசி! அதோ, அந்த அகழிகளில் லட்சக்கணக்கான இளைஞர்கள் மூன்று வேளையும் பசியோடு இருக்கிறார்கள். அவர்களை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிறைகிறது. அவர்கள் எந்த நாட்டார் என்று நான் பார்ப்பதில்லை. பசிக்கு ஏது தேசம்? சமாதானம் வரவேண்டும், அன்பர்களே, கட்டாயம் வரவேண்டும். ஆனால் சமாதானம் ஒரு விருந்தாளி. சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றால் வீட்டுக்காரருக்குத்தான் சங்கடம்!”

எல்லாரும் கைதட்டினோம். நானும்தான்.

கதைப்படி வடநாடும் தென்நாடும் போரிட வேண்டும். வடக்கு என்றால் சிலருக்கு உறுத்தும் என்றது மன்றம். மேல்நாடு, கீழ்நாடு என்று மாற்றினோம். கீழே இருப்பது யார் என்று தூதரகங்கள் கேட்கும் என்றது. முதல் நாடு, இரண்டாம் நாடு என்றோம். கேப்டன் தலையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ‘ஒரு நாடு’, ‘இன்னொரு நாடு’ என்று முடிவாயிற்று. சீருடைக்குச் சாம்பல் நிறம் கூடாது, அது ஜெர்மானியருடையது. காக்கி ஆங்கிலேயருடையது. நீலம் பிரெஞ்சுக்காரருடையது. பச்சை ரஷ்யருடையதா இத்தாலியருடையதா என்று ஒரு வாரம் விசாரித்து, எதற்கும் இருக்கட்டுமென்று அதையும் விலக்கினார்கள். மிஞ்சியது வெள்ளை. இரு படைகளும் ரொட்டி சுடுகிறவர்களைப்போல வெள்ளை உடையில் நின்றன. கொடிக்கும் வேறு நிறம் கிடைக்கவில்லை. ஆகவே போர் தொடங்கும்போதே இரு தரப்பும் வெள்ளைக்கொடி பிடித்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்தன.

“ஐயா, இது சரணடையற மாதிரி இருக்கே?” என்று கேட்டார் இயக்குநர் ஃபின்ட்.

“சமாதானப் படம்தானேய்யா எடுக்கறீங்க?” என்றார் கேப்டன்.

செத்தவர்களின் எண்ணிக்கையும் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒருநாள் இன்னொரு நாட்டின் பிணம் ஒன்று காபி குடிக்கப் போய்விட்டது. கேப்டன் எண்ணிப் பார்த்து, ஒரு நாட்டின் பிணங்களில் ஒன்றை எழுப்பி வீட்டுக்கு அனுப்பினார்.

இந்த இடத்துக்குத்தான் லாவ்ரிட்ஸ் தைசன் வந்து சேர்ந்தான். அவன் மரப்பலகை தூக்க வந்த கூலியாள். நடிக்க வந்தவர்கள் எல்லாரும் வெடிமருந்து வெடிக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். இயக்குநர் ஃபின்ட் தலையில் அடித்துக்கொள்வார். ஒருநாள் பெரிய வெடி ஒன்று வெடித்தது. அத்தனை பேரும் தரையில் கவிழ்ந்தோம். லாவ்ரிட்ஸ் மட்டும் வெடிக்குப் பத்தடி தள்ளித் தோளில் பலகையோடு கண்ணிமைக்காமல் நடந்து போய்க்கொண்டிருந்தான்.

“வீரன்யா! இவன்தான்யா வீரன்!” என்று கத்தினார் ஃபின்ட்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்குக் காது கேட்காது.

தெற்கு யூட்லாந்துக்காரன். அங்கே எங்கள் மக்கள்தான் இருக்கிறார்கள், ஆனால் எல்லைக்கோடு ஜெர்மனியின் பக்கம். ஆகவே எங்கள் மொழி பேசிக்கொண்டே ஜெர்மன் பேரரசருக்காகச் சாகப் போனார்கள். லாவ்ரிட்ஸும் அவன் தம்பி நிஸ்ஸும் பிரான்ஸில் ஒரே அகழியில் இருந்தார்கள். பக்கத்தில் வெடித்த குண்டு லாவ்ரிட்ஸின் காதுகளைக் கொண்டுபோயிற்று. உடம்பு தேற விடுமுறையில் ஊருக்கு வந்தவன் எல்லை ஓடையை நடந்து கடந்து எங்கள் பக்கம் வந்துவிட்டான். திரும்பிப் போனால் சுவரோடு நிறுத்திச் சுடுவார்கள். கோபன்ஹேகனில் செல்வி ஸ்கௌ என்ற ஆசிரியையிடம் உதட்டசைவைப் படிக்கக் கற்றுக்கொண்டான். ஆறே மாதத்தில் தெருவுக்கு எதிர்ப்பக்கம் பேசுகிறவர்களையும் படிக்குமளவுக்குத் தேறிவிட்டான்.

சீருடை மாட்டிவிட்ட முதல் நாள் என்னிடம் வந்தான்.

“விக்கோ அண்ணே, யாரு கூட யாரு சண்டை?”

அவன் முகத்துக்கு நேராகத் திரும்பிச் சொன்னேன். “ஒரு நாடும் இன்னொரு நாடும்.”

“நாம எந்த நாடு?”

“அதை மன்றம் இன்னும் முடிவு பண்ணலப்பா.”

“எதுக்குச் சண்டை?”

“அது யாரையாவது புண்படுத்தும்னு எடுத்துட்டாங்க.”

“சரிதான். அங்கேயும் அப்படித்தான் இருந்துச்சு” என்றான்.

கதாநாயகனாகிய வீரன் சாகும் காட்சியை அவனுக்கே கொடுத்தார்கள். மன்றத்தின் முன்னால் ஒருமுறை செத்துக் காட்டச் சொன்னார்கள். லாவ்ரிட்ஸ் தரையில் படுத்தான். முழங்காலை வயிற்றோடு மடக்கினான். இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டான். வாயைத் துடைத்தான், மறுபடியும் புரண்டான், மண்ணைக் கடித்தான். வேலை செய்துகொண்டிருந்த தச்சர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டார்கள். நான் கைப்பிடியை விட்டுவிட்டேன்.

கேப்டன்தான் முதலில் பேசினார். “என்னய்யா இது? போர்ல சாகற மாதிரியே இல்லையே. கெட்டுப்போனதைத் தின்னுட்டுச் சாகறவன் மாதிரி இருக்கு.”

லாவ்ரிட்ஸ் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, “ஆமாங்க” என்றான்.

“நான் போர்க்கலை படிச்சவன். வீரன் நெஞ்சுல கை வெச்சு, வானத்தைப் பார்த்து, மெதுவாச் சாயணும். நீ போர்க்களத்தையே பார்த்ததில்லை போல.”

“ஒரு வருஷம் நாலு மாசம் பார்த்தேங்க.”

“அப்போ சரியாப் பார்க்கலை” என்றார் கேப்டன்.

“சாவுக்கு ஒரு கண்ணியம் வேணும்” என்றார் போதகர்.

அன்று மதியம் தலைவர் வீவெலின் அன்பளிப்பாக நடிகர்களுக்கெல்லாம் சாப்பாடு வந்தது. தகரப் பெட்டிகளைப் பிரித்து ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள். மேலே ஒட்டிய காகிதத்தில் கழுத்தில் மாலை போட்ட கன்றுக்குட்டி ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. லாவ்ரிட்ஸ் டப்பாவைக் கையில் வாங்கினான், பார்த்தான், அப்படியே நின்றான். பிறகு மெதுவாக அதை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்ப் பலகைக் குவியலின்மேல் உட்கார்ந்துகொண்டான். நான் பின்னாலேயே போனேன்.

“என்னப்பா?”

“இந்தக் கன்னுக்குட்டி யாருதுண்ணே?”

“தலைவரோட ஆலையுது.”

அவன் சொல்லத் தொடங்கினான். தனக்குக் கேட்காததால் குரல் சில இடத்தில் உயர்ந்தும் சில இடத்தில் காற்றாகவும் வந்தது.

“நிஸ்ஸுக்கு இருபது வயசு. அவனுக்கு ஒரு குண்டும் படலை. செப்டம்பர்ல ஒருநாள் சாயங்காலம் இந்தக் கன்னுக்குட்டி டப்பா வந்துச்சு. எனக்குக் காவல் முறை. என் பங்கையும் அவனே தின்னுட்டான், எப்பவும் பசிதான் அவனுக்கு. பதினோரு பேரு தின்னாங்க. ஏழு பேரு போயிட்டாங்க. நிஸ் ரெண்டு நாள் இழுத்தான். ‘போர்க்களத்தில் வீரமரணம்’னு அம்மாவுக்குக் கடிதாசி போச்சு. காலையில நான் செத்துக் காட்டினேனே, அது அவன் செத்தது.”

என் டப்பாவில் பாதி ஏற்கெனவே என் வயிற்றுக்குள் இருந்தது.

அதன்பிறகு லாவ்ரிட்ஸ் வெள்ளை உடையோடு கூடத்தின் மூலையில், கண்ணாடி அறைக்கு எதிரே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொள்வான். செவிடன்தானே என்று யாரும் விரட்டவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, உள்ளே பேசியதை ஆளுக்கொரு குரலாக ஒப்பித்தான்.

தலைவர் கேட்டாராம்: “வர்ற குளிர்காலம் முடியறவரைக்கும் சண்டை தாங்கும்ல, கேப்டன்?”

“தாராளமாத் தாங்கும். ரெண்டு பக்கமும் நல்ல பிடிவாதம்.”

“போன மாசம் வந்த மாடு பூரா ஊதிப்போச்சு. மிளகைத் தூக்கலாப் போட்டு அடைச்சுடுங்கடான்னுட்டேன். பிணம் நாறற இடத்துல கறி நாறறது எவனுக்குத் தெரியப்போகுது? வயித்தால போய்ச் செத்தாலும் வீரமரணம்னுதான் எழுதுவான்.”

போதகர் அதிசயமாக வாயைத் திறந்திருக்கிறார். “ரெண்டு தரப்புக்கும் ஒரே மாடுங்களா?”

“ஒரே மாடுதான். முன்னங்கால் இங்கிலீஷ்காரனுக்கு, பின்னங்கால் ஜெர்மன்காரனுக்கு. இதுக்கு மேல நடுநிலை எங்க இருக்கு, சொல்லுங்க?”

“ஆமென்” என்றாராம் போதகர்.

நான் அவனை ஒரு நாளிதழ் ஆசிரியரிடம் அழைத்துப் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, “இதையெல்லாம் இந்தத் தம்பி தன் காதால கேட்டாரா?” என்றார். அவர் மேசைமேல் கிடந்த அன்றைய தாளின் முதல் பக்கத்தில் கன்றுக்குட்டி சிரித்துக்கொண்டிருந்தது. நாங்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

திரும்பும் வழியில் லாவ்ரிட்ஸ் கேட்டான்: “அண்ணே, நான் படத்துல பேசினா, சங்கத்துல இருக்கறவங்க படிப்பாங்கல்ல?”

சங்கம் என்றால் காது கேளாதோர் சங்கம். ஊமைப்படம் பார்ப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. காதல் காட்சியில் கதாநாயகன் கதாநாயகியின் காதில் பல்வலியைப் பற்றிப் புலம்பினால்கூட அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

“படிப்பாங்க. ஆனா மாட்டினா உன்னை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிடுவாங்கப்பா.”

“தள்ளட்டும். அந்தாளு அதுக்குள்ள நாறிடணும். எனக்கு அது போதும்.”

எனக்கு என் பூட்ஸ் காட்சி நினைவுக்கு வந்தது. சரி என்றேன்.

ஒரு சிக்கல் இருந்தது. வீரனிடமிருந்து ஆறு தப்படிக்குள் கேமரா போகக்கூடாது என்று மன்றத்தில் விதி. வலி தெரிந்துவிடும் என்று. நான் போதகரிடம் மனுக் கொடுத்தேன். “ஐயா, வீரன் மூணு இடத்துல பிரார்த்தனை பண்றான். பக்தி தெரியணும்னா உதடு தெரிஞ்சாகணும்.” போதகர் கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டார்.

போருக்கு முந்திய பிரார்த்தனை முதலாவது. லாவ்ரிட்ஸ் மண்டியிட்டு, கைகூப்பி, விண்ணை நோக்கி, ஒரு சத்தமும் எழுப்பாமல் உதட்டை மட்டும் நிதானமாக அசைத்தான். நான் இரண்டு சுற்று மாறாமல் சுற்றினேன். எதிரியைத் தழுவுவது இரண்டாவது, சாவது மூன்றாவது. மூன்றாவதில் கேப்டன் சொன்னபடியே நெஞ்சில் கைவைத்து மெதுவாகச் சாய்ந்தான். மூன்று நிமிடம் உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற ஃபின்ட், “என்ன ஒரு உருக்கம்!” என்று மூக்கைச் சிந்தினார்.

மன்றம் படத்தை மூன்று முறை போட்டுப் பார்த்தது. மேகத்திலிருந்து இறங்கும் மணமகளின் முந்தானை ஒருவிதமாகப் பறப்பது பிரெஞ்சுக் கொடியை நினைவூட்டுகிறது என்று அதை மட்டும் வெட்டினார்கள். பிறகு சான்றிதழ் எழுதினார்கள்: ‘இப்படத்தில் எந்தத் தரப்பையும் புண்படுத்தும் ஒரு சொல்லும் இல்லை. இன்றுமுதல் இதில் எதையும் சேர்க்கவோ, நீக்கவோ, ஓட்டத்தில் நிறுத்தவோ வேண்டுமானால் மூவரின் கையெழுத்தும் எட்டு நாள் முன்னறிவிப்பும் தேவை.’ மூவரும் கையெழுத்திட்டார்கள்.

மார்ச் மாதத்தில் முதல் காட்சி. ஊரிலேயே பெரிய அரங்கு. வலது மாடத்தில் ஆங்கிலத் தூதரகத்தார், இடது மாடத்தில் ஜெர்மன் தூதரகத்தார். இரண்டு மாடங்களின் உயரத்தையும் கேப்டன் நாடா வைத்து அளந்திருந்தார். நடுவில் வீவெலும் அவர் மனைவியும். முதல் வரிசையில் காது கேளாதோர் சங்கத்தார் முப்பது பேருக்கு இலவச இடம். அது வீவெல் அம்மையாரின் தர்மம். நாங்கள் கேட்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. “பாவம், ஊமைப்படம்தானே, அவங்களுக்கு ஒண்ணும் குறையாது” என்று பத்திரிகைக்காரர்களிடம் அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

லாவ்ரிட்ஸ் சுவரோரமாக என்னோடு நின்றான். அவன் திரையைப் பார்க்கவேயில்லை. முதல் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரார்த்தனைக் காட்சி வந்தது. பிடில்கள் அழுதன. திரையில் எழுத்து: ‘இறைவா! எதிரியும் என் சகோதரனே!’ அரங்கில் கைக்குட்டைகள் வெளிவந்தன. முதல் வரிசையில் முப்பது பேரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கைகள் பறந்தன.

தழுவும் காட்சியில் அவர்கள் சிரித்துவிட்டார்கள். உரக்க. பணியாள் ஓடிவந்து உதட்டில் விரல் வைத்து “உஷ்!” என்றான். அவர்களில் எஸ்பென் என்று ஒரு செருப்புத் தைப்பவர் இருந்தார். பிறவியிலேயே கேட்காது; ஆனால் பள்ளியில் பேசப் பழக்கியிருந்தார்கள். தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது. அவர் எழுந்து திரும்பி, அரங்கம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்:

“அவன் என்ன சொல்றான் தெரியுமா? ஒரே மாடுதானாம்! முன்னங்கால் இங்கிலீஷ்காரனுக்கு, பின்னங்கால் ஜெர்மன்காரனுக்கு! இதுக்கு மேல நடுநிலை எங்க இருக்குன்னு கேக்கறான்!”

பிடில்கள் நின்றன. வாத்தியக்காரர்களுக்கும் கேட்க ஆசையாக இருந்திருக்க வேண்டும்.

“உட்காருய்யா!” என்று நாலு பக்கமிருந்தும் கத்தினார்கள். எஸ்பென் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரையைப் பார்த்துத் திரும்பிவிட்டார். முதுகிடம் யார் என்ன சொல்லி என்ன பயன்? அதற்குள் சாகும் காட்சி வந்துவிட்டது. இப்போது யாரும் கத்தவில்லை. எஸ்பென் ஒரு பள்ளிப்பிள்ளை பாடம் வாசிப்பதுபோல வார்த்தை வார்த்தையாக வாசித்தார்.

“மிளகைத் தூக்கலாப் போட்டு அடைச்சுடுங்கடா. பிணம் நாறற இடத்துல கறி நாறறது எவனுக்குத் தெரியப்போகுது? வயித்தால போய்ச் செத்தாலும் வீரமரணம்னுதான் எழுதுவான். இதைச் சொன்னது பல்தசார் வீவெல், கண்ணாடி அறையில, ஆகஸ்ட் மாசம். ஆமென்னு சொன்னது போதகர் ப்ளோக்.”

“படத்தை நிறுத்து!” என்று வீவெல் எழுந்து அலறினார். “நிறுத்துடா!”

படம் ஓட்டும் அறையின் சாளரத்திலிருந்து ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். பயந்த சுபாவம், ஆறு பிள்ளைகள். “மூணு பேர் கையெழுத்தும் எட்டு நாள் நோட்டீசும் வேணுமுங்களே” என்றார்.

திரையில் லாவ்ரிட்ஸின் முகம் அரங்கத்தையே அடைத்துக்கொண்டிருந்தது. எஸ்பெனின் குரல் முதல்முறையாகத் தடுமாறியது.

“என் தம்பி பேரு நிஸ் தைசன். வயசு இருபது. நீ அடைச்ச டப்பாவைத் தின்னுட்டு ரெண்டு நாள் துடிச்சுச் செத்தான். அவன்கூட ஆறு பேரு. நான் உன்னை விடமாட்டேன், வீவெல்.”

மேகத்திலிருந்து மணமகள் இறங்கியபோது இரண்டு மாடங்களும் காலியாக இருந்தன. போர் தொடங்கிய நாளிலிருந்து ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் ஒன்றாகச் செய்த காரியம், அன்று ஒரே படிக்கட்டில் இறங்கிப் போனதுதான். வேறெந்தச் சமாதானப் படமும் அதைச் சாதிக்கவில்லை.

மறுநாள் மன்றம் கண்ணாடி அறையில் அவசரமாகக் கூடியது. என்னையும் லாவ்ரிட்ஸையும் நிறுத்தினார்கள். காவல்துறையிலிருந்து தடித்த மீசையோடு ஓர் அதிகாரி குறிப்பேட்டுடன் வந்திருந்தார்.

“இவன் ஓடுகாலிப் பட்டாளத்தான். இன்னைக்கே எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பணும்” என்றார் வீவெல்.

“என்ன குற்றம்னு எழுதட்டுங்க?” என்றார் அதிகாரி.

“என்னை அவதூறாப் பேசினான்!”

“எங்கே?”

“படத்துல!”

அதிகாரி சான்றிதழை எடுத்துப் பார்த்தார். “ஒரு சொல்லும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. சரி, என்ன சொல்லு? நீங்க சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

வீவெல் வாயைத் திறந்தார். மூடினார். “அதை என் வாயால எப்படிச் சொல்றது?”

“இதுக்கு முன்னாடி சொன்னதில்லைங்களா?”

“சொன்னதேயில்லை!”

“அப்போ அது உங்க பேச்சு இல்லை. உங்க பேச்சு இல்லைன்னா உங்களுக்கு ஏங்க கோபம்?”

கேப்டன் தொண்டையைச் செருமினார். “ஊமைப்படத்துல யாரும் பேச முடியாது. பேசினதா நாமளே எழுதினா நம்ம சான்றிதழ் பொய்யாயிடும். மன்றத்தோட மானம் முக்கியம்.”

அப்போது லாவ்ரிட்ஸ் சட்டைப் பையிலிருந்து கன்றுக்குட்டி டப்பா ஒன்றை எடுத்து, கத்தியால் மூடியைக் கிழித்து, கரண்டியையும் செருகி வீவெலின் முன்னால் வைத்தான். அறைக்குக் கதவு சாத்தியிருந்தது. வாடை மெல்லப் பரவியது. அதிகாரி மீசையைக் கையால் மூடிக்கொண்டார்.

“ஒரு கரண்டி சாப்பிடுங்க, போதும்” என்றான் லாவ்ரிட்ஸ். “யாரும் அனுப்ப வேணாம். நானே நடந்து எல்லையைத் தாண்டிப் போயிடறேன். சுடட்டும். ஒரே ஒரு கரண்டி.”

வீவெல் டப்பாவைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். ஒருமுறை கரண்டியைத் தொட்டுக்கூடப் பார்த்தார். அவனைத் தொலைத்துக்கட்ட அவ்வளவு ஆசை. பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

“தலைவர் இன்னைக்கு நோன்பு” என்றார் போதகர்.

நடவடிக்கைக் குறிப்பில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது: தலைவர் நோன்பிலிருந்தார், படம் ஊமைப்படம், ஆகவே எதுவும் பேசப்படவில்லை, ஆகவே எதுவும் கேட்கப்படவில்லை. படத்தைத் தடைசெய்தால் ஏதோ பேசப்பட்டதாகிவிடும் என்பதால், அது தொடர்ந்து ஓடும்.

பதினொரு வாரம் ஓடியது. ஆர்ஹூஸிலும் ஓடன்ஸேயிலும் அரங்குக்காரர்கள் உதடு படிக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, காபியும் கேக்கும் கொடுத்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். எஸ்பெனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கன்றுக்குட்டியை ஜெர்மானியர்களும் வாங்கவில்லை, ஆங்கிலேயர்களும் வாங்கவில்லை. துறைமுகக் கிடங்கைச் சுகாதார அதிகாரிகள் திறந்தபோது இரண்டு பேர் மயங்கி விழுந்தார்களாம். ஆலைக்குப் பூட்டுப் போட்டார்கள். என்னைக் கம்பெனி வெளியே அனுப்பியது. மன்றம் கலையவில்லை, கேப்டன் தலைவரானார்.

வீவெல் சிறைக்குப் போகவில்லை. அந்த மாதிரி ஆட்கள் எங்கள் ஊரில் போவதில்லை. அது லாவ்ரிட்ஸுக்கும் தெரியும். அவன் ஒவ்வொரு ஞாயிறும் வீவெல் தேவாலயத்துக்குப் போகும் வழியில், எதிர்ப்பக்க நடைபாதையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். கிட்டே போகவில்லை, ஒரு சத்தமும் எழுப்பவில்லை. உதட்டை மட்டும் அசைத்தான். அடுத்த வாரம் எஸ்பென் ஒரு முக்கில் நின்றார். அதற்கடுத்த வாரம் வழிநெடுகச் சங்கத்தார் நின்றார்கள், ஆண்களும் பெண்களும். வீவெல் காவலரைக் கூப்பிட்டார். சும்மா நிற்கிறவர்களை என்ன செய்வது என்று காவலர் கேட்டார். வீவெல் வேறு தெருவழியாகப் போனார். அங்கேயும் உதடுகள் அசைந்தன.

ஜூன் மாதத்தில் செல்வி ஸ்கௌவின் வகுப்புக்குப் புதிதாக ஒரு மாணவர் வந்தார். காது நன்றாகக் கேட்கும் அவருக்கு. தூக்கம் மட்டும் இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்ததாம். “அவங்க என்ன சொல்றாங்கன்னு மட்டும் எனக்குத் தெரியணும்” என்று கெஞ்சியிருக்கிறார். செல்வி ஸ்கௌ யாருக்கும் பாடம் மறுக்காதவர். கண்ணாடி முன் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஏழு வாரம் வீவெல் ஒருநாளும் தவறாமல் போனார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, நானும் லாவ்ரிட்ஸோடு நின்றிருந்தேன். வீவெல் எதிர்ப்பக்கம் வந்தார். அன்று தலையைக் குனிந்துகொள்ளவில்லை. நின்று, கண்ணைச் சுருக்கி, லாவ்ரிட்ஸின் வாயையே பார்த்தார். லாவ்ரிட்ஸ் அவசரப்படாமல், பற்கள் தெரிய, ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான். மிகச் சின்னச் சொல். உதடு அதிகம் அசையாத சொற்கள்தான் படிக்க மிகக் கடினம் என்பார் செல்வி ஸ்கௌ.

வீவெலின் உதடும் கூடவே அசையத் தொடங்கியது. முதலில் தப்பாக. பிறகு சரியாக. “நிஸ்” என்று வாய்விட்டே சொன்னார். தெருவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

லாவ்ரிட்ஸுக்குக் கேட்கவில்லை. ஆனால் அவன் படித்துவிட்டான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, “இன்னும் ஆறு பேர் இருக்காங்கண்ணே” என்றான். அடுத்த ஞாயிற்றுக்கு அடுத்த பெயரைத் தொடங்கினான்.